ஃபெதர் எவ்ளோ வைக்கட்டும்?

ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கறவனுக்கு மொழியைப் பத்தி ஒரு அபிப்பிராயம் இருக்கலாம்னு எங்க ஊர்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. குடுத்த மேட்டரை அப்படியே அடிச்சுக் குடு, ரெண்டு சுழியா மூணு சுழியான்னு நாங்க பாத்துக்கறோம், இதான் கஸ்டமர் சட்டம். மன்னார்குடியில பந்தலடிப் பக்கம் இந்தத் தொழில்ல உக்காந்தே தலை நரைச்சாச்சு, அதனால நானும் பெரும்பாலும் வாயைத் தொறக்கறதில்ல. ஆனா போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து (பேர் வேணாம், நல்ல பள்ளிக்கூடம்தான்) ஒரு மேட்டர் வந்துச்சு. அவங்க பொண்ணு ஒண்ணு ஷட்டில்ல மாநில அளவுல ஜெயிச்சிருக்கு. கையில ராக்கெட்டோட அது போட்டோ, பக்கத்துல தாளாளர் படம் அந்தப் பொண்ணை விடப் பெருசா, மேல இங்கிலீஷ்ல அனதர் ஃபெதர் இன் அவர் கேப்னு ஒரு வரி (எங்களுக்கு இன்னொரு பெருமைன்னு அர்த்தம்), அதுக்குக் கீழ தமிழ்ல 'எங்கள் தொப்பியில் மற்றுமோர் இறகு'. சார், இந்தத் தமிழ் வரி மட்டும் வேணாமே, 'பாராட்டுகிறோம்'னு போட்டுக்கலாமேன்னு போன் பண்ணிச் சொன்னேன். மேனேஜ்மென்ட்ல ஓகே பண்ணிட்டாங்க, நீங்க அடிங்கன்னுட்டாங்க. அடிச்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டுனாங்க. மறுநாள் காலையில டீக்கடையில ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "பீஸ் கட்டுனவன் தலையில குல்லாவைப் போட்டாச்சு, இப்ப இறகு வேற சொருகுறானுவளா"ன்னாரு. கடையே சிரிச்சுது. பாவம் அந்தப் பொண்ணு, ஜெயிச்சது அது.

இதோட முடிஞ்சிருந்தா ஒரு ஜோக்கா சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா எனக்கு உறுத்துனது வேற. அதே ஃபெதர்ங்கற வார்த்தையை எங்க கடைக்குள்ள ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்னு கணக்கே கிடையாது. எட்டாவது படிச்சுட்டு வேலைக்கு வந்த பையன்லேர்ந்து டிப்ளமோ முடிச்ச பொண்ணு வரைக்கும், ஃபெதர் எவ்ளோ வைக்கட்டும், ஃபெதர் ஜாஸ்தியாயிடுச்சு, முடிக்கு மட்டும் தனியா ஃபெதர் குடுன்னு பேசிக்கிட்டே இருக்காங்க. யாரும் சிரிக்கறதில்ல, யாரும் அர்த்தம் கேக்கறதில்ல, யாருக்கும் அது இங்கிலீஷ்னு ஞாபகம் கூட கிடையாது. ஒரே வார்த்தை, கடை வாசப்படிக்கு உள்ள ஒழுங்கா இருக்கு, வெளிய தொப்பியில ஏறுனதும் ஊர் சிரிக்குது. இது ஏன்னு யோசிக்க ஆரம்பிச்சேன், யோசனை எங்கெங்கயோ போயிடுச்சு.

கடைக்குள்ள

இந்தத் தொழில் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். போட்டோஷாப்புல ஒரு ஆளை மட்டும் கட்டிங் பண்ணி வேற பேக்ரவுண்டுல வச்சா ஓரம் வெடுக்குனு நிக்கும், பாக்கற எல்லாருக்கும் ஒட்ட வச்சதுன்னு தெரிஞ்சிடும். ஃபெதர் குடுத்தா அந்த ஓரம் ஒரேயடியா முடியாது, முழுசா இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு ஒண்ணுமில்லாமப் போகும். எவ்வளவு தூரத்துக்குள்ள குறையணுங்கறதை பிக்சல் கணக்குல சொல்லணும். பழைய வெர்ஷன்ல கண்ட்ரோல் ஆல்ட் டி, அப்பறம் ஷிஃப்ட் எஃப் சிக்ஸ் ஆயிடுச்சு, எனக்கு இன்னமும் விரல் பழைய எடத்துக்குத்தான் போகுது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை 300 டிபிஐல (அங்குலத்துக்கு 300 புள்ளி) பண்றப்ப ஒண்ணு வச்சாப் போதும், மூணு வச்சா காது கரைஞ்சிடும். ஃப்ளெக்ஸுக்கு அந்தக் கணக்கு உதவாது. அதுக்கு ரெசல்யூஷனைக் குறைச்சு வச்சுத்தான் டிசைன் பண்ணுவோம், இல்லன்னா ஃபைலை சிஸ்டம் தூக்காது, அதனால பத்தடி போர்டுல ஒரு பிக்சலே கண்ணுக்குத் தெரியற அளவு இருக்கும். இதையெல்லாம் யாரும் பாடம் எடுக்கறதில்ல, கெடுத்துக் கெடுத்துத்தான் கை பழகும்.

எங்க பக்கத்துல கல்யாண ஃப்ளெக்ஸை விட கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குத்தான் ஃபெதர் அதிகமா வேணும். கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆயிரம் போட்டோ இருக்கும். செத்துப்போன கிழவிக்கு ஒண்ணு இருந்தாப் பெருசு. திருமக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தாரு, அம்மா சாயங்காலம் இறந்துட்டாங்க, காலையில எடுக்கறாங்க. கையில யாரோ சொந்தக்காரங்க கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோ. அந்தம்மா ஓரமா நிக்கறாங்க. வெள்ளை முடி, பின்னாடி வெள்ளையடிச்ச செவுரு, எது முடி எது செவுருன்னு எனக்கே தெரியல. கன்னத்துக்கு ஒண்ணு வச்சேன், புடவைத் தலைப்புக்கு ஒண்ணு, முடிக்கு மட்டும் அஞ்சு ஆறுன்னு ஏத்திப் பாத்தேன். எல்லாம் சரியா வந்துச்சு, ஆனா தோள்ல ஒரு கை இருந்துச்சு, பக்கத்துல நின்ன யாரோ போட்டிருந்த கை. அதை அழிச்சா தோளும் சேந்து போயிடும், தோளை மறுபடி வரையணும். "அண்ணே, இந்தக் கையை எடுத்துடவா"ன்னேன். அவர் ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்துட்டு, "அது சின்னம்மா கை தம்பி, அவங்க போயி நாளாச்சு, இருந்துட்டுப் போவட்டும்"னாரு. விரல் வரைக்கும் அப்படியே வச்சுட்டு மணிக்கட்டுலேர்ந்து ஃபெதரை ஏத்திக் கரைச்சு விட்டேன். மறுநாள் அந்தப் பக்கமா வேற வேலையாப் போறப்ப பாத்தேன், ஆறடி ஃப்ளெக்ஸுல ஒரு அம்மா, தோள்ல ஆள் இல்லாத ஒரு கை. யாருக்கும் அது வித்தியாசமாப் படல போலருக்கு.

என் தங்கச்சி தஞ்சாவூர்ல பார்லர் வச்சிருக்கா. அவ போர்டுல யு கட், ஸ்டெப் கட், லேயர் கட், ஃபெதர் கட்னு வரிசையா ரேட்டோட இருக்கும். அடியேய், நீங்க சொல்ற ஃபெதரும் நாங்க சொல்ற ஃபெதரும் ஒண்ணாடின்னு ஒருநாள் கேட்டேன். முடியோட நுனியை ஒரே கோட்டுல நறுக்காம ரேசரை வச்சு மெலிசாக்கிக்கிட்டே போயி முடிச்சு விடறதுண்ணேன்னா. அப்படியே நான் மௌஸுல பண்ற வேலை. 1970கள்ல ஃபாரா ஃபாசெட்னு ஒரு அமெரிக்க டிவி நடிகையோட தலைமுடியைப் பாத்துத்தான் உலகம் பூரா இந்த மாதிரி வெட்டு பரவுச்சுங்கறாங்க, என் தங்கச்சிக்கு அந்தம்மா பேர் கூடத் தெரியாது, கை மட்டும் தெரியும். காருக்குப் பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கற வேலையிலயும் இதே சொல்லு இருக்கு. பழைய பெயிண்டுக்கும் புதுப் பட்டிக்கும் நடுவுல விரலை ஓட்டுனா மேடு தட்டுப்படக் கூடாது, அதுக்காக எமரி பேப்பர் போட்டு ஓரத்தை இழைச்சு இழைச்சு சேக்கறதுக்கு ஃபெதர் எட்ஜிங்னு பேரு. தச்சு வேலையில ஒரு பக்கம் தடிமனாவும் மறு பக்கம் மெலிஞ்சும் அறுத்த பலகைக்கு ஃபெதர் எட்ஜ் பலகைன்னு பேரு.

ஏன் இறகைப் போயி இதுக்கெல்லாம் கூப்புட்டாங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு இறகைக் கையில எடுத்துப் பாத்தாலே போதும். சம்பா அறுப்பு முடிஞ்சு வாத்துப் பட்டி வந்து எறங்குனா வயல் பூரா கெடக்கும். நடுவுல தண்டு, தண்டுலேர்ந்து ரெண்டு பக்கமும் சாய்வா இழை, அந்த ஒவ்வொரு இழைலேர்ந்தும் இன்னும் பொடி இழை, அந்தப் பொடி இழையில கண்ணுக்குத் தெரியாத கொக்கி. இந்தக் கொக்கிங்க ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கறதாலதான் இறகு ஒரே தகடாத் தெரியுது. விரலால பின்னாடி கோதுனா பிரிஞ்சிடும், முன்னாடி கோதுனா மறுபடி மாட்டிக்கும், வாத்து நாள் முழுக்க அலகால பண்ணிக்கிட்டிருக்கறது இதைத்தான். தண்டோட அடிப்பக்கம் கொக்கி இல்லாத இழை, அதான் பஞ்சாப் பறக்குது. அப்ப இறகுக்கு ஓரம் எங்க முடியுதுன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது, இழை ஒவ்வொண்ணும் தனித்தனியா மெலிஞ்சு போயிடுது, அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன் தச்சுப் பட்டறையில நின்னு பலகையோட ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு இதைச் சொல்லியிருப்பான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. படிச்சவன் ரூம்ல உக்காந்து கண்டுபிடிச்ச வார்த்தை மாதிரித் தெரியல.

காத்துக்கு வழி விடறது

இன்னொரு ஃபெதர் இருக்கு, அது ஓரம் சம்பந்தப்பட்டதில்ல, திருப்பறது சம்பந்தப்பட்டது. போட்டிக்குத் துடுப்பு போடறவங்க துடுப்பைத் தண்ணிலேர்ந்து எடுத்ததும் அதோட பட்டையைப் படுக்கை வாட்டத்துல திருப்பிடுவாங்க, அப்பதான் பின்னாடி கொண்டு போறப்ப காத்து தடுக்காது. அதுக்கு ஃபெதரிங்னு பேரு. பறவையும் சிறகை மேல தூக்கறப்ப நுனி இறகுங்களைத் திருப்பிக் காத்துக்கு வழி விடுது. இதையே விமானத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. இறக்கையில காத்தாடி வச்ச விமானம் இருக்கில்ல, பறக்கறப்ப ஒரு இன்ஜின் நின்னுபோச்சுன்னா அந்தக் காத்தாடியோட தகடுங்களைத் திருப்பி, காத்து வர்ற திசைக்கு ஓரத்தைக் காட்ற மாதிரி வச்சிடுவாங்க, இல்லன்னா நின்னுபோன காத்தாடியே விமானத்தைப் பின்னாடி இழுக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, 2023 ஜனவரி 15ந் தேதி நேபாளத்துல காட்மாண்டுலேர்ந்து பொக்காராவுக்குப் போன ஏடிஆர் 72 விமானம் எறங்கறப்ப விழுந்து 72 பேரும் செத்துப்போனாங்க, அந்த வீடியோவைப் பாக்காதவங்க கம்மி. அந்த வருஷக் கடைசியில விசாரணை அறிக்கை வந்தப்ப நியூஸ்ல படிச்சேன். எறங்கறதுக்கு முன்னாடி ஃபிளாப் (இறக்கையோட பின்னாடி இருக்கற மடிப்புத் தகடு) லீவரை இழுக்க வேண்டிய கட்டத்துல வேற லீவர்ங்களை இழுத்துட்டாங்க, ரெண்டு பக்கக் காத்தாடியும் ஃபெதர் நிலைக்குப் போயிடுச்சு, இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு ஆனா தள்ற சக்தி இல்ல. ஃபெதர்ங்கற வார்த்தையை அந்த மாதிரி ஒரு வரியில நான் எதிர்பார்க்கவே இல்ல. பக்கத்து சிஸ்டத்துலேர்ந்து பையன், அண்ணே இதுக்கு ஃபெதர் எவ்ளோன்னு கேட்டான். பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாச்சு.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஆடுன ஷட்டிலையும் இங்கயே சொல்லிடறேன். நைலான்ல ஆடறது நம்ம தெருவுல, மேட்ச்னா ஃபெதர் ஷட்டில்தான். விதிப்படி அதுல 16 இறகு இருக்கணும், எடை 4.74லேர்ந்து 5.50 கிராமுக்குள்ள. வாத்து இல்லன்னா கூஸ் வாத்தோட இறகு, எல்லாம் ஒரே பக்கத்துச் சிறகுலேர்ந்து எடுத்ததா இருக்கணும், வளைவு ஒரே மாதிரி இருந்தாத்தான் சுத்திக்கிட்டே நேராப் போகும். அந்த ஃப்ளெக்ஸுல இறகைப் பத்தி எழுதியே தீருவேன்னா இதை எழுதியிருக்கலாம். 'பதினாறு இறகை அடித்துப் பறக்கவிட்ட எங்கள் மாணவி'ன்னு போட்டிருந்தா அந்த டீக்கடைப் பெரியவரே கை தட்டியிருப்பாரு. யாரு கேக்கறா நம்மள.

பென் டூலும் பத்திரிகையும்

எங்க கடைக்கு ஒரு தமிழய்யா வருவாரு, ரிட்டையர் ஆனவரு. பேத்தி கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்திருந்தாரு. அவர் வாயில பத்திரிகைன்னே வராது, அழைப்பிதழ்தான். பையன் பொண்ணோட போட்டோவைக் கட்டிங் பண்ணிக்கிட்டிருந்தான். ஓரத்தைச் சுத்திக் கோடு போட்டு வெட்ட போட்டோஷாப்புல இருக்கற கருவிக்கு பென் டூல்னு பேரு. நான் வழக்கம் போல, "டேய், பென் டூல்ல எடுத்துட்டு ஃபெதர் ஒண்ணு வையி"ன்னேன். ஐயா சிரிச்சாரு. "ஏம்ப்பா, ஒரே வரியில ரெண்டு தடவை இறகுங்கறியே"ன்னாரு. எனக்குப் புரியல. அப்பறம் சொன்னாரு, பென்னுங்கற சொல்லு லத்தீன்ல பென்னாவாம், பென்னான்னா இறகு. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல இறகோட அடித்தண்டைச் சீவி மையில தொட்டுத்தான் எழுதுனாங்க, வலது கைக்காரங்களுக்கு இடது சிறகு இறகுதான் வாட்டம், வளைவு கண்ணை மறைக்காது. இறகைச் சீவற கத்திதான் பென் நைஃப். நாம சொல்ற பேனாவும் தமிழ் இல்ல, போர்த்துகீசியக்காரன் விட்டுட்டுப் போனது, அவன் பாஷையில பெனான்னா இறகுதான். 1658ல டச்சுக்காரன் பிடிக்கற வரைக்கும் நாகப்பட்டினத்துல அவன்தானே இருந்தான், நம்ம கடக்கரையில எறங்குன சொல்லுப்பா அதுன்னாரு. நமக்கு எழுத்தாணியும் ஓலையும் இருந்துச்சு, இறகு தேவைப்படல, தஞ்சாவூர் சரசுவதி மகால்ல அடுக்கி வச்சிருக்கானே போய்ப் பாருன்னாரு. தனித்தமிழ்ல பேனாவைத் தூவல்னு சொல்றவங்க இருக்காங்க, தூவல்னாலும் இறகுதான், மலையாளத்துல இன்னிக்கும் இறகுக்குத் தூவல்னுதான் பேருன்னு அதையும் சொன்னாரு.

அவர் போனப்பறம் நான் ஸ்கிரீனைப் பாத்தேன். பென் டூல்ல கோடு போட்டு முடிச்சு ரைட் கிளிக் பண்ணி மேக் செலக்‌ஷன் குடுத்தா ஒரு சின்னப் பெட்டி வரும், அதுல முதல்ல கேக்கறது ஃபெதர் ரேடியஸ். தெனமும் பாக்கற பெட்டி. இறகால வெட்டுன ஓரத்தை எத்தனை இறகுன்னு கேக்குது. கடையைச் சாத்தாம போன்ல தேட ஆரம்பிச்சேன். ஃபெதரும் லத்தீன் பென்னாவும் ஒரே வேர்தான்னு இருந்துச்சு, பறக்கறது, பாயறதுங்கற பொருள் உள்ள ஒரு பழைய வேர், சமஸ்கிருதத்துல பததி, பறக்குது விழுதுன்னு அர்த்தம், அதுவும் அந்த வேர்தான். கிரேக்கத்துல ப்டெரான்னா சிறகு, ஹெலிகாப்டர்ங்கற பேர்ல பாதி அது. அப்பறம் இன்னொரு வரி. சமஸ்கிருத பத்ரம். சிறகு, இறகு, இலை, எழுதற ஏடு. பத்ரம்லேர்ந்து பத்திரம், பத்ரிகாலேர்ந்து பத்திரிகை. ஸ்கிரீன்ல தெறந்திருந்த ஃபைலோட பேரு கல்யாணப் பத்திரிகை. கையில பென் டூல். பெட்டியில ஃபெதர். மூணும் ஒரே வேர்லேர்ந்து ரோம் வழியா ஒண்ணு, லண்டன் வழியா ஒண்ணு, வடக்கேர்ந்து ஒண்ணுன்னு கெளம்பி வந்து மன்னார்குடியில ஒரு மானிட்டர்ல நிக்குது. நான் அன்னிக்கு வீட்டுக்குப் போக லேட்டாச்சு, என் வீட்டம்மா ஏன்னு கேட்டாங்க, சொன்னேன், சோறு ஆறிப்போச்சு சாப்புடுங்கன்னாங்க.

மறுநாள் ஐயாவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னப்ப அவர் என்னை மாதிரி ஆச்சரியப்படல. "அந்த மூணும் சொந்தக்காரனா இருக்கலாம், நமக்கு என்ன, நம்ம இறகு அந்தக் குடும்பமே கெடையாது"ன்னாரு. சிறகுதான் முதல், சகரம் விழுந்து இறகு, சிப்பி இப்பி ஆவலியா அது மாதிரி, நம்ம சொல்லு நம்ம வீட்டுலேர்ந்து வந்தது, நீ ஃபெதர்னு சொல்லிக்க, உறவுமுறை கொண்டாடாதேன்னு முடிச்சாரு. அவர் சொன்னது சரிதான். அந்த வேரைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல நான் ஃபெதரைத் தமிழாக்கிடலாம்னு கெளம்பிட்டேன் போலருக்கு, அவர் கேட்டைச் சாத்திட்டாரு. ஆனா அவர் பேத்தி அழைப்பிதழை என் பையன் ஃபெதர் வச்சுத்தான் முடிச்சான், அதுக்கு வேற சொல்லு அவரும் குடுக்கல. நானே கவனிச்ச ஒரு விஷயத்தை இங்க சொல்லணும். எங்க பசங்க கஸ்டமர்கிட்ட பேசறப்ப 'ஓரத்தை லேசாக் கரைச்சு விட்டுடறோம்க்கா'ன்னு சொல்வாங்க. அவங்களுக்குள்ள பேசறப்ப ஃபெதர். அதாவது தமிழ் அங்க இல்லாம இல்ல, கரைக்கறதுன்னு அருமையான சொல்லு இருக்கு, ஆனா அளவு சொல்லணும்னா, ரெண்டா மூணான்னு பேசணும்னா கை ஃபெதருக்குத்தான் போகுது.

தொப்பி

இப்ப அந்தத் தொப்பிக்கு வர்றேன். தலையில இறகு வச்சிக்கறது நமக்குப் புதுசுன்னு சொல்ல முடியாது. கண்ணன்னா தலையில மயில்பீலி, அதுவும் எங்க ஊரு ராஜகோபாலன் ஊரு. நாகூர் தர்காவுல மயில்பீலிக் கட்டை தலையில வச்சு ஓதி விடறாங்க, எல்லா மதத்துக்காரங்களும் தலையைக் காட்டிட்டுத்தான் வர்றோம். ஆனா இதெல்லாம் அழகுக்கோ அருளுக்கோ. ஒவ்வொரு தடவை ஜெயிச்சதுக்கும் ஒண்ணுன்னு எண்ணிச் சொருகறது நம்ம வழக்கம் இல்ல, எண்ணி வைக்கறதுன்னா நமக்கு கல்லு, மணி, பட்டம். அதோட தொப்பிங்கறது நம்மூர்ல வெளியேர்ந்து வந்த சாமான், அது கூடவே வந்தது ஏமாத்தற அர்த்தம். இறகை மட்டும் தனியா கொண்டாந்திருந்தா பொழச்சிருக்கும், தொப்பி கெடுத்துடுச்சுங்கறது என் முடிவு.

இங்கிலீஷ்காரன் தொப்பியில இறகு வச்சதும் வெறும் பழமொழி இல்ல. 1800கள் கடைசியில லண்டன், பாரிஸ், நியூயார்க் பொம்பளைங்க தொப்பிக்கு வெள்ளைக் கொக்கோட கல்யாணக் கோல இறகு வேணும்னு அலைஞ்சாங்க. கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்துல மட்டும் முதுகுல நூல் நூலா ஒரு இறகு தொங்கும், சின்னக் கொக்குக்குப் பிடரியில ரெண்டு நீள இறகும் இருக்கும். அந்த நேரத்துல சுட்டாத்தான் அது கெடைக்கும், அந்த நேரத்துலதான் கூட்டுல குஞ்சு இருக்கும். எடைக்கு எடை தங்கத்தை விட விலை போச்சுங்கறாங்க. கடையில அதைக் கொக்கு இறகுன்னு சொல்லல, ஆஸ்ப்ரேன்னு வேற ஒரு பறவை பேரைச் சொல்லி வித்தாங்க. இதுக்கு எதிராத்தான் 1889ல இங்கிலாந்துல சில பெண்கள் சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, எமிலி வில்லியம்சன்னு ஒருத்தங்க முன்னாடி நின்னாங்க, அதான் பின்னாடி ஆர்எஸ்பிபிங்கற பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஆச்சு. நம்ம நாட்டுலேர்ந்து காட்டுப் பறவை இறகை ஏற்றுமதி பண்ணக் கூடாதுன்னு 1902லயே வெள்ளைக்காரன் அரசாங்கமே தடை போட்டுச்சு, இங்கிலாந்துல இறக்குமதி தடைச் சட்டம் வர 1921 ஆச்சு. இன்னிக்கும் தானா உதிர்ந்த மயில்பீலியை நம்ம நாட்டுக்குள்ள விக்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

இதைப் படிச்சதுக்கப்பறம் மார்கழியில வடுவூர் ஏரிக்குப் போயிருந்தேன். தஞ்சாவூர்லேர்ந்து மன்னார்குடி வர்ற ரோட்டுலயே இருக்கு, எத்தனையோ தடவை பஸ்ஸுல தாண்டிப் போன எடம். 1999ல சரணாலயம் ஆச்சு, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேத்தாங்க. கருவேல மரத்துல கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை எல்லாம் ஒரே மரத்துல அடுக்கு அடுக்கா உக்காந்திருந்துச்சு, கீழ எச்சம், காது கிழியற சத்தம். பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்னு சொல்றானே, ஒரே இறகுப் பறவைங்க ஒண்ணாச் சேரும்னு, நம்மூர்ல இனம் இனத்தோடே வெள்ளாடு தன்னோடேன்னு ஆட்டை வச்சுச் சொன்னதுதான் புத்திசாலித்தனம், வடுவூர் மரத்தைப் பாத்தவன் பறவையை வச்சுச் சொல்லியிருக்க மாட்டான். அதே மாதிரி லைட் ஏஸ் எ ஃபெதர்னு அவன் இறகோட லேசைச் சொல்றான். பீலிபெய் சாகாடும் அச்சிறும்னு வள்ளுவர், லேசான இறகையே வண்டி வண்டியா ஏத்துனா அச்சு முறியும்னு போயிட்டாரு. நெல்லு மூட்டை ஏத்தற ஊர்ல யாருக்கும் இதை விளக்கவே வேணாம்.

அதுக்கப்பறம் ரெண்டு மூணு மேட்டர்ல இந்த மாதிரி தொப்பி வரிங்க வந்துச்சு. இப்பெல்லாம் நான் போன் பண்ணிக் கேக்கறதில்ல, ப்ரூஃப்ல 'மணிமகுடத்தில் மற்றொரு மணி'ன்னு மாத்தி அனுப்பிடறேன், யாரும் கண்டுபிடிக்கறதில்ல. ஒருத்தர் மட்டும் மணிக்கு வாழ்த்துக்கள்னு பதில் அனுப்பியிருந்தாரு, அவங்க ஸ்கூல் பி.டி. வாத்தியார் பேரு மணியாம்.

கடையில ஃபெதரோட நெலமைதான் இப்ப சரியில்ல. போன மாசம் வேலைக்குச் சேந்த பையன் பென் டூலைத் தொடவே மாட்டேங்கறான். போட்டோவைப் போன்லயே எதுலயோ போடறான், பேக்ரவுண்டு தானா போயிடுது, முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா வருது, நான் அரை மணி நேரம் பண்ணாலும் அப்படி வராது. டேய், ஃபெதர் எவ்ளோ வச்சேன்னு பழக்க தோஷத்துல கேட்டேன். எதுண்ணேன்னான். தங்கச்சி கடையில அந்தக் கவலை இல்ல, தீபாவளிக்கு முன்னாடியே ஃபெதர் கட்டுக்கு அம்பது ரூபா ஏத்திட்டா.